முதல் வரியில் 786

கெடு முடிகிற நாள் வெள்ளிக்கிழமையாக வந்து விழுந்தது.

கெடு வைத்தவர் அஹமது பாட்சா. கெஞ்சி வாங்கியவள் அவர் மகள் சாதியா. உத்திரமேரூர் பஜார் தெருவில் இருக்கும் பாட்சா மில் ஸ்டோர்ஸின் பின்கட்டில் நிற்கும் பஞ்சிங் மிஷினை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று வீடே இரண்டாகப் பிரிந்து நின்றதைப் போன வாரம் பார்த்தோம். ஊருக்குப் போய்விட்டு இதழைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை.

அந்த மிஷின் இரும்புத் தகட்டில் ஓட்டை குத்தி, ஹல்லர் மில்லுக்கு வேண்டிய ஜல்லடை செய்யும். முன்பெல்லாம் ஊருக்கு ஒரு ஹல்லர் மில் இருந்தது. நெல்லைக் கொட்டினால் அரிசி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம். இப்போது வாலாஜாபாத்தில் பெரிய மாடர்ன் மில்கள் வந்துவிட்டன. சாலவாக்கம் பக்கத்து ஹல்லர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. ஹல்லர் இல்லையென்றால் ஜல்லடை யாருக்கு?

மூத்த மகன் தௌசீப் ஒரே போடாகப் போட்டான். "மிஷினை வித்துடலாம். அந்த எடத்துல செல்போன் கடை வைக்கலாம். ஊர்ல எல்லார் கையிலயும் போன் வந்துடுச்சிப்பா." பையன் சொல்வதிலும் தப்பில்லை, சொல்லிவிடுகிறேன்.

சாதியா விடவில்லை. "நம்ம பக்கந்தான் ஹல்லர் போச்சி. பீகார்ல, ஒரிசாவுல, ஆப்பிரிக்காவுல இன்னும் ஓடிக்கினுதான் கீது. அவங்களுக்கு ஜல்லடை தேஞ்சா எங்க தேடுவாங்க? கம்ப்யூட்டர்ல தேடுவாங்க. நம்ம வெப்சைட்டை நான் சரி பண்றேன். ஒரு மாசம் டயம் குடுங்கப்பா."

கொடுத்தார். அந்த ஒரு மாதம் இன்று மாலையோடு தீர்கிறது. மிஷினை வாங்கிப்போக வாலாஜாபாத் பஞ்சாட்சரம் டெம்போவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெப்சைட்டைப் பார்த்து ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

காலையில் எழுந்ததும் சாதியா மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் நெட்டைப் போட்டால் கீழே கடை டெலிபோன் செத்துவிடும். இரண்டும் ஒரே லைன்.

"சாதியா! போனை உடு! பழையசீவரத்துக்காரரு ரோலருக்குப் பேசறேன்னாரு!" கீழேயிருந்து அப்பாவின் குரல்.

"ரெண்டு நிமிசம்ப்பா!"

அந்த இரண்டு நிமிடம் எப்போதும் நீளும் என்பது அவருக்கும் தெரியும்.

இந்த ஒரு மாதத்தில் அவள் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து செய்து கொடுத்துவிட்டுப் போன வெப்சைட் அது. பார்வைக்குக் கல்யாணப் பந்தல் போல இருக்கும். கடையின் பெயர் மின்னும், ஜல்லடை சுற்றும், எழுத்துகள் இடமிருந்து வலம் ஓடும். ஆனால் எழுத்து என்று நாம் நினைப்பதெல்லாம் எழுத்தே அல்ல. எல்லாம் படம்.

தேடுபொறிக்குப் படம் பார்க்கும் கண் கிடையாது. அதற்கு எழுத்துதான் வேண்டும். எழுத்தாக இல்லாத எதுவும் அதற்கு வெறும் வெள்ளைக் காகிதம். இது புரிந்த அன்றே சாதியா பழைய பக்கங்களைக் கலைத்துப் போட்டாள். தலைப்பைத் தலைப்பு என்று சொல்லி எழுதினாள். திறந்த குறியை மூடினாள். ஒவ்வொரு படத்துக்கும் இது இன்ன படம் என்று ஒரு வரி வைத்தாள். கலர், அளவு, அலங்காரம் எல்லாவற்றையும் பிரித்துத் தனிக் கோப்பில் போட்டாள்.

பக்கம் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல இணையத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. முதல் நாள் அங்கே கொடுத்தபோது திரை முழுக்கச் சிவப்பாகத் தப்புகள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று எட்டிப் பார்க்கும். போன வாரம்தான் ஒரு தப்பும் இல்லை என்று பச்சை காட்டியது. அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பச்சையைக் காட்டினாள். ஷாஜாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்ல பச்சைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறமும் ஏன் யாரும் வரவில்லை?

இன்று வேறு வழியில் பார்க்கலாம் என்று தோன்றியது. தேடுபொறியில் சரக்கின் பெயரைப் போடாமல், தங்கள் வெப்சைட்டின் முகவரியையே போட்டாள். வந்தது! புதிய பக்கங்கள் எல்லாமே வந்து நின்றன. தேடுபொறி வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறது. சாதியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றின் மேலும் நீல எழுத்தில் பெயர் இருக்கும் அல்லவா? அதைப் படித்தாள்.

786.

அடுத்தது? 786. அதற்கடுத்ததும் 786. ஜல்லடைப் பக்கமும் 786, ரோலர் பக்கமும் 786, பெல்ட்டுக்கும் அதே 786.

சாதியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் என்று ஒரு வரி உண்டு. அது பக்கத்துக்குள் தெரியாது, கம்ப்யூட்டர் ஜன்னலின் நெற்றியில் தெரியும். தேடுபொறி பட்டியல் போடும்போது நீலத்தில் காட்டுவது அந்த வரியைத்தான். பக்கம் எதைப் பற்றியது என்று அது முதலில் பார்ப்பதும் அங்கேதான். சென்னைக்காரன் அன்று அப்பாவிடம், "எல்லாத்துக்கும் மேல என்ன சார் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறான். பாட்சா குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் மேலே என்ன போடுவார்கள்? பில், கடிதம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் உச்சியில் 786 என்று எழுதி, அல்லாவின் பெயரால் ஆரம்பிப்பதுதான் வழக்கம். அதைச் சொல்லியிருக்கிறார். அவனும் போட்டுவிட்டான்.

திருத்தி எழுதும்போது சாதியாவும் அந்த வரியைப் பார்த்தாள். கை வைக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். சோதிக்கிற இடத்துக்கும் அதில் குறை தெரியாது. டைட்டில் இருக்கிறதா என்று அது பார்க்கும். அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அது கேட்காது.

"நாஷ்டா துன்னாம அந்தப் பொட்டி முன்னாடி இன்னாடி அழுதுக்கினு கீறே?" தட்டோடு நின்றாள் ஷாஜாதி.

"அம்மா, 786-ஐ எடுக்கணும்மா."

"எங்கேருந்து?"

"மேலேருந்து."

ஷாஜாதி தட்டை மேஜையில் வைத்தாள். "ஒங்கப்பா கிட்ட நீயே சொல்லிக்கோ. என்னை இதுல இழுக்காதே" என்று படியிறங்கிவிட்டாள்.

அஹமது பாட்சா ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர், தலையில் தொப்பி. கடையில் வேறு யாரும் இல்லை. பின்கட்டில் சாமுவேல் மட்டும் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அந்த மிஷினை ஓட்டுகிறவன் அவன்தான். இன்று காலையிலிருந்து எண்ணெயே விட்டுக்கொண்டிருக்கிறான்.

சாதியா விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்போ, ஆர்டர் வராததுக்குக் காரணம் 786-ன்னு சொல்ற?"

"ஐயோ, அப்படிச் சொல்லலப்பா. அது இருக்கிற எடம்..."

"எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில மொத வரி அதான். அத்த எழுதாம ஒரு துண்டுச் சீட்டு இங்கேருந்து வெளிய போனதில்ல. யாவாரம் நல்லா நடந்தப்பவும் அதான் மொத வரி. இப்ப யாவாரம் படுத்துப்போச்சின்னு அத்த எடுத்துடணுமா?"

குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார். சாதியாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஒரு நல்ல மனுஷரின் மனத்தை ஜும்மா நேரத்தில் நோகடித்துவிட்டோமே என்று இருந்தது.

மதியச் சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. தௌசீப் வாலாஜாபாத் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் ஏதாவது பேசிச் சாப்பாட்டைக் கெடுத்திருப்பான். இல்லாததும் என்னவோ போலத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கடையில் ஒரு பார்சல் வேலை. போளூரில் ஒரு பழைய ஹல்லர் மில்காரர் ஜல்லடை கேட்டிருந்தார். சாமுவேல் அதைச் சாக்கில் சுற்றித் தைத்து வைத்திருந்தான். அஹமது பாட்சா கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்துக் குந்தி உட்கார்ந்தார். பார்சலுக்கு எழுதும் வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார்.

சாதியா படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஹல்லர் ஜல்லடை' என்று எழுதினார். கீழே மில்லின் பெயர். அதற்குக் கீழே பெரிதாகப் 'போளூர்'. ஓரத்தில் சின்னதாகக் கடைப் பெயர்.

அவ்வளவுதான். பிரஷ்ஷைத் துடைக்கப் போனார்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ பார்சல் பார்த்தவள்தான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அப்பா, இதுல ஏன் 786 எழுதல?"

"எதுல?"

"பார்சல் மேல."

"இன்னா கேள்வி கேக்கறே? லாரி ஆபீஸ்ல இத்தத் தூக்கி எறிவான். மிதிச்சிக்கினு மேல ஏறுவான். இதும்மேல குந்திக்கினு பீடி குடிப்பான். கால் படற எடத்துல அத்த எழுதலாமா? உள்ள பில்லு கீதே, அதுல மேல எழுதியிருக்கேன். பிரிக்கிறவன் கையால எடுத்துப் பாப்பான்."

"மேல சரக்கு பேரும் ஊரு பேரும் மட்டுந்தானா?"

"பின்ன? லாரி ஆபீஸ்காரன் பார்சலைப் பிரிச்சா பாப்பான்? மேல இன்னா எழுதியிருக்குதோ அத்தப் பாத்துத்தான் எந்த லாரின்னு..."

பாட்சா பாதியில் நிறுத்தினார்.

சாதியா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இந்த சாமர்த்தியம் எங்கிருந்துதான் வருகிறதோ!

அவர் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்தது. "எடுத்துக்கினு போ" என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டு எழுந்தார். முட்டியில் கை ஊன்றி மாடிப்படி ஏறினார். அந்த அறையில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை.

சாதியா பின்னாலேயே ஓடினாள்.

"எங்க அது? காட்டு."

காட்டினாள். நீல எழுத்தில் 786 வரிசையாக நின்றது. அதன்மேல் ஏதோ விளம்பரம், கீழே ஏதோ சினிமாச் செய்தி. அஹமது பாட்சா முகத்தைச் சுளித்தார்.

"இங்கியா வந்து கெடக்குது? இது தெருவாட்டம்ல கீது?"

"தெருவுதாம்ப்பா. போறவன் வர்றவன் எல்லாம் மிதிச்சிக்கினு போற எடம். இதுல சரக்கு பேரு எழுதுவோம். 786-ஐ உள்ள வெக்கறேன். பக்கத்தைத் திறந்ததும் உச்சியில, எல்லா எழுத்துக்கும் மேல, நடுவுல."

"அதான் மரியாதை" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுது."

"சொல்லுங்க."

"ஹல்லர் ஜல்லடை. எல்லா அளவும். பாட்சா மில் ஸ்டோர்ஸ், உத்திரமேரூர்."

சாதியா அதை ஆங்கிலத்தில் அடித்தாள். "எல்லாப் பக்கத்துக்கும் இதே வரியைப் போட்டுடவா?" என்று கேட்டாள். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

"ரோலர் பார்சல் மேல எவனாவது ஜல்லடைன்னு எழுதுவானா? அந்தந்தப் பார்சலுக்கு அந்தந்த சரக்கு."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயும் உச்சியில் 786 ஏறியது. கடைசியில் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, மறுபடி அந்தச் சோதனைக்குக் கொடுத்தாள். பச்சை.

"இனிமே வருவாங்களா?"

"வரணும்ப்பா. ஆனா அந்த சர்ச் இன்ஜின் மறுபடியும் வந்து படிக்கணும். நாளைக்கு வரலாம், ஒரு மாசம் கழிச்சும் வரலாம். வந்தாலும் நம்ம பேரு மேல வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளில் வந்துவிடும் என்றிருந்தால் அவரும் நம்பியிருப்பார். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கீழே டெம்போவின் ஹாரன் கேட்டது.

பஞ்சாட்சரம் பொறுமைசாலி. வியாபாரத்தில் குரலை உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஷாஜாதி அனுப்பிய டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"இன்னா பாய், ஏத்திடலாமா? ஆளுங்க வந்துக்கீறாங்க."

பின்கட்டில் சாமுவேல் எண்ணெய்க் குப்பியோடு நின்றுவிட்டான். அவனுக்கு இதைத் தவிர வேறு தொழில் தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு மிஷினில் நிறுத்தியவர் பாட்சாதான். சாதியா படிக்கட்டில் நின்றாள். அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது, விடவே இல்லை.

அஹமது பாட்சா தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"பஞ்சாட்சரம், தப்பா எடுத்துக்காதே. வெலாசமே எழுதாம பார்சலை அனுப்பிட்டு, போய்ச் சேரலியே, பதில் வரலியேன்னு குந்திக்கினு இருந்திருக்கேன். இன்னிக்கித்தான் வெலாசம் எழுதியிருக்குது. அது போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் மிஷின் இங்கதான் கீது."

பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பார்சல், என்ன விலாசம்? ஆனால் மிஷின் இல்லை என்பது விளங்கிவிட்டது.

"தௌசீப் தம்பி முடிஞ்சிட்ட மாதிரி சொன்னாப்பல..."

"அவன் சின்னப் பையன். ஒனக்கு வெட்டி அலைச்சல் குடுத்துட்டேன், மனசுல வெச்சிக்காதே."

"அதனால இன்னா பாய். மிஷின் ஓடினா எனக்கு மட்டும் கசக்குமா?" டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "ஆனா தம்பி ஒரு சாமான் எடுத்தாரச் சொன்னாரு. அத்த எறக்கிட்டுப் போயிடறேன்."

ஆட்கள் டெம்போவிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு நீளமான பலகையை இறக்கினார்கள். பின்கட்டுச் சுவரோரம் தரையில் சாய்த்துவிட்டுப் போனார்கள். டெம்போ கிளம்பிப் போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

சாமுவேல் மிஷினைப் போட்டான். தடக் தடக் என்று அது ஓட ஆரம்பித்தது. குத்துவதற்குத் தகடு எதுவும் இல்லை, சும்மாதான் ஓட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. சாதியாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இன்றைக்கு இது இரண்டாம் தடவை.

"இன்னா போர்டு இது?" அஹமது பாட்சா காகிதத்தைக் கிழித்தார்.

புத்தம் புது பெயிண்ட் வாசனை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. 'பாட்சா மொபைல்ஸ்'. கீழே, 'உரிமையாளர்: அ. தௌசீப்'.

அவர் முகம் இறுகியது. கேட்காமல் கொள்ளாமல் மிஷின் விற்றாகிவிட்டது என்று சொல்லி, கடைக்குப் போர்டும் எழுதி வாங்கியிருக்கிறான். "வரட்டும் அவன்" என்றார். பலகையைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார் என்றுதான் சாதியா நினைத்தாள். மீதிக் காகிதத்தையும் கிழித்தார்.

பலகையின் உச்சியில், பச்சை நிறத்தில், நடுவில், பார்த்துப் பார்த்து எழுதிய 786.

அஹமது பாட்சாவின் கை நின்றது. பெயிண்டரின் பக்கத்திலேயே நின்று அதை எழுதச் சொல்லியிருப்பான். யார் சொல்லிக் கொடுத்தது? அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் கண் பலகை நின்ற தரைக்குப் போனது. எண்ணெய்க் கறை, இரும்புத் தூள், சாமுவேலின் செருப்பு.

"நிறுத்துடா மிஷினை" என்றார். "வா, இத்தப் புடி. தரையில வெக்கக் கூடாது."

"எங்க வெக்கறது பாய்?"

சுவரில் ஆணி இல்லை. பலகையைத் தாங்கும் மேஜை முழுக்க ஜல்லடைகள். உயரமாக, துடைத்துச் சுத்தமாக, அந்தப் பின்கட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. காலையிலிருந்து சாமுவேல் துடைத்துக்கொண்டிருந்த மிஷினின் தலை.

இருவரும் தூக்கினார்கள். பலகை மிஷின் மேல் ஏறி நிமிர்ந்து நின்றது. அஹமது பாட்சா தோள் துண்டால் 786-இன் மேல் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கைத் துடைத்தார்.

அப்போதுதான் வாசலில் பைக் வந்து நின்றது.

தௌசீப் உள்ளே வந்தான். மிஷின் ஓடவில்லை. அதன் தலைமேல் அவன் பெயர் எழுதிய போர்டு. பக்கத்தில் நின்று அதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும் அப்பா.

வைதால் எப்படிப் பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா... ஒத்துக்கினீங்களா?"

ஓடி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். வளர்ந்த பிறகு அவன் அவர் கையைப் பிடித்ததே இல்லை.

அஹமது பாட்சா சாதியாவைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார். பஞ்சாட்சரத்திடம் அத்தனை தெளிவாகச் சொன்ன ஒரு விஷயத்தைச் சொந்தப் பிள்ளையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.